மூன்றாம் மாடி ஒட்டகம்

அந்தத் துணிக்கடையின் மூன்றாம் மாடியில் திரைச்சீலை, போர்வை, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாம் விற்றார்கள். மாடிக்குச் சூப்பர்வைசராக இருந்தவளை எதிரில் மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் ஒட்டகம் என்றும் கூப்பிட்டார்கள். பெயரை வைத்தவர் மேனேஜர். திட்டி வைக்கவில்லை, பாராட்டித்தான் வைத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கடை திறந்ததிலிருந்து மூடும் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், பாத்ரூம் பக்கமே போகாமல் கவுண்டரில் நிற்பாள். வேலை செய்கிறவர்களுக்கான பாத்ரூம் தரைத்தளத்தில், கிடங்குக்குப் பின்னால் இருந்தது. போய்வருவதற்குள் இரண்டு கஸ்டமர்கள் கைநழுவிவிடுவார்கள். "பாருங்க, இந்தப் பொண்ணு ஒட்டகம் மாதிரி. காலையில ஒரு தடவை குடிச்சா ராத்திரி வரைக்கும் ஓடும்" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிற்பாடு சூப்பர்வைசர் ஆக்கியதற்கும் அந்த ஒரு குணமே போதுமானதாக இருந்தது.

தன்னால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது என்பதுதான் அவளுடைய சட்டம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை போகலாம், அவ்வளவுதான். கவுண்டருக்குக் கீழே தண்ணீர் பாட்டில் வைக்கக் கூடாது. வைத்தால் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவாள். மாதவிலக்கு என்றாலும் சரி, வயிறு சரியில்லை என்றாலும் சரி, "இந்தக் கஸ்டமரை முடிச்சிட்டுப் போ" என்பாள். அந்தக் கஸ்டமர் முடிவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். "வீட்ல இருந்தா ராணி மாதிரி போயிட்டு வந்துட்டு இருக்கலாமே, இங்க ஏன் வந்தே?" என்று கேட்டே சிலரை அழவைத்திருக்கிறாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

அவளுடைய தங்கையும் அதே மாடியில்தான் வேலை செய்தாள். அம்மா அப்பா போன பிறகு தங்கையை வளர்த்தது, படிக்கவைத்தது, கடையில் சேர்த்துவிட்டது எல்லாமே அக்காதான். கடை வேனை ஓட்டும் டிரைவர்தான் அக்காவின் கணவர். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். கடைக்குள் நுழைந்துவிட்டால் தங்கை என்ற பேச்சே கிடையாது. மற்றவர்கள் வாயில் விழக்கூடாது என்று தங்கையிடம் ஒரு படி கூடுதலாகவே கடுமை காட்டினாள்.

தள்ளுபடி விற்பனை நடந்த ஒரு நாள். புது வீட்டுக்குத் திரைச்சீலை வாங்க வந்த ஒரு குடும்பம் இருந்த சுருள்களை எல்லாம் பிரித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தது. தங்கைக்கு ஏற்கெனவே சிறுநீர்க் கடுப்பு இருந்தது. முதலில் கண்ணால் கேட்டாள். அக்கா பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். பிறகு பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டாள். இவர்களை முடித்துவிட்டுப் போ என்று பதில் வந்தது. கனமான ஒரு சுருளை மேல் தட்டிலிருந்து இறக்கும்போது தங்கைக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. பளபளவென்று இருந்த தரையில் கால்வழியே ஓடியது. கஸ்டமர் அம்மா செருப்பை நகர்த்திக்கொண்டு பின்வாங்கினார். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அக்கா போய்த் தரை துடைக்கும் மாப்பை எடுத்து வந்தாள். துடைப்பாள் என்றுதான் தங்கை நினைத்தாள். அவளோ அதைத் தங்கை கையில் கொடுத்தாள்.

"உன்னோடதுதானே. நீயே துடை."

நனைந்த உடையோடு நின்று தங்கை துடைத்தாள். துடைத்து முடித்த பிறகே வீட்டுக்குப் போக அனுமதி கிடைத்தது. ராத்திரி சாப்பிடும்போது அக்கா தன் கணவரிடம் அதற்கு ஒரு நியாயமும் சொன்னாள். தங்கைக்கு மட்டும் சலுகை காட்டினால் நாளைக்கு மற்ற பெண்கள் மதிப்பார்களா என்று கேட்டாள். டிரைவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். தங்கை மறுவாரமே கெஞ்சிக் கூத்தாடித் தரைத்தளத்தில் பில் போடும் இடத்துக்கு மாறிக்கொண்டாள். அன்றோடு அக்காவிடம் பேச்சும் நின்றது. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு, உப்பு வேண்டும் என்றாலும் "மாமா, உப்பு தீர்ந்துடுச்சு" என்று டிரைவரிடம்தான் சொல்வாள். அவர் அதை அப்படியே திரும்பி மனைவியிடம் சொல்வார்.

அக்காவுக்கு இடுப்புக்கு மேலே முதுகில் வலி வெகுநாளாகவே இருந்தது. நின்று நின்று வந்த வலி என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். ஒருநாள் குளிர்காய்ச்சலோடு வந்து நின்றவள், பணம் கட்டும் கவுண்டர் முன்னால் விழுந்தாள். தூக்கிய பெண்களில் ஒருத்தி, "நெஞ்சுல இருந்த கல்லு இடம் மாறி இடுப்புக்கு வந்திருக்கும்" என்றாளாம். வேடிக்கைக்குச் சொன்னது பலித்துவிட்டது. ஸ்கேனில் இடது சிறுநீரகம் முழுக்கக் கல்.

அதைக் காட்டி விளக்கியது அவளைச் சேர்த்திருந்த பெரிய ஆஸ்பத்திரியின் கிட்னி டாக்டர், ஓர் இளம் பெண். சிறுநீரகத்துக்குள் சின்னச் சின்னக் கிண்ணங்களாக அறைகள் இருக்கும், எல்லா அறையிலும் கல் வளர்ந்து மான்கொம்பு மாதிரி கிளைவிட்டிருக்கிறது என்றார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. முதுகில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை, படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைச் சிறுநீரகத்துக்குள் இறக்குவது, ஊசி போன வழியைக் குழாய் விட்டுப் பெரிதாக்குவது, உள்ளே கேமராவை அனுப்பிக் கல்லை உடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவி எடுப்பது. இவ்வளவுதான் என்றார். தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார். இவள் கொஞ்சம் பெருமையாகவே பதில் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவளையே ஒரு கணம் பார்த்தார்.

மனைவிக்கு வாய் நீளம் என்றால் டிரைவருக்கு ஓட்டைவாய். விவரம் குறித்துக்கொள்ள வந்த பயிற்சி டாக்டரிடம், கடையில் எப்படி நிற்பாள், என்ன பெயர், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எல்லாவற்றையும் கொட்டினார். பயிற்சி டாக்டரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அறுவைக்கு நாள் குறித்த பிறகு ஆஸ்பத்திரியின் தலைவர் அவளை அழைத்துப் பேசினார். அந்த நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்கள் கூட்டம் நடக்கிறது, வெளியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறார், அவர் கையாலேயே உங்களுக்குச் செய்கிறோம், மற்ற டாக்டர்கள் பார்ப்பார்கள், சம்மதம்தானே என்று கேட்டார். அவர் கைபட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றும் சொன்னார். ஐந்தாறு டாக்டர்கள் சுற்றி நிற்பார்களாக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். கடைக்குப் போன் செய்து மேனேஜரிடம், பெரிய டாக்டரே செய்கிறார் என்று சொல்லிவைத்தாள். கிட்னி டாக்டர் பக்கத்தில்தான் நின்றார், வாயைத் திறக்கவில்லை. இதைக் கூட்டமில்லாமல், பத்திரமான வழியில் செய்ய வேண்டும் என்று அவருக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது, ஆனால் தலைவர் முன்னால் அதைச் சொல்லும் தைரியம் அன்றைக்கு அவருக்கு இல்லை.

பெண்கள் வார்டில் துணைக்கு ஆண்களை விடமாட்டார்கள். டிரைவர் தங்கையிடம் போய் நின்றார். எனக்காக வா என்று கேட்டார். மாமாவுக்காக என்று அவள் வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பெரிய டாக்டருக்கு ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியை முழுமயக்கத்தில் வைக்க மாட்டார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு உடம்பை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே கல்லை எடுப்பார். அதற்காகத்தான் அவருக்குப் பெயர். முதலில் சிறுநீர் வரும் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டார்கள். பிறகு நாலு பேர் சேர்ந்து அவளைக் குப்புறத் திருப்பி, மார்புக்கும் இடுப்புக்கும் கீழே மெத்தைகளை வைத்தார்கள். முகம் ஒரு வளையத் தலையணைக்குள் புதைந்திருந்தது. தரையின் ஒரு துண்டும், யாரோ ஒருவரின் நீல நிறச் செருப்பும் மட்டும் தெரிந்தன. மேலேயும் கீழேயும் வளைந்து நின்ற எக்ஸ்ரே கருவி அவ்வப்போது 'க்ளிக்' என்றது.

அப்புறம் ஸ்பீக்கர் கரகரத்தது. ஒரு பெரிய கூட்டத்தின் இரைச்சல் அறைக்குள் வந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, பார்க்கிறவர்கள் பக்கத்தில் இல்லை, எங்கோ ஒரு மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.

பெரிய டாக்டர் மைக்கில் நன்றாகப் பேசினார். குழாய்வழியே சாயமருந்தை ஏற்றிச் சிறுநீரகத்தைத் திரையில் வரவழைத்தார். கல்லின் அழகைப் பாருங்கள் என்றார். நோயாளி துணிக்கடையில் வேலை செய்கிறவர், காலையில் ஒருமுறை குடித்தால் ராத்திரி வரைக்கும் ஓடும், கடையில் இவருக்கு ஒட்டகம் என்று பெயர் என்றார். ஸ்பீக்கர் வழியே ஒரு மண்டபம் சிரித்தது. "என்னம்மா ஒட்டகம், வலிக்குதா?" என்று குனிந்து கேட்டார். "வலிக்கலை சார்" என்று அவள் தலையணைக்குள் இருந்து சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள்.

கல்லுக்கு எந்தப் பக்கமாகப் போகலாம் என்று மண்டபத்தைக் கேட்டார். மேல்வழியா, கீழ்வழியா, கை தூக்குங்கள் என்றார். மேல்வழியாகப் போனால் ஒரே துளையில் முழுக்கல்லையும் எட்டிவிடலாம். ஆனால் அது விலா எலும்புக்கு மேலே, நுரையீரலின் உறையை ஒட்டிப் போகும் பாதை. எதிரில் உதவிக்கு நின்ற கிட்னி டாக்டர் மைக் இல்லாமல் மெதுவாகச் சொன்னார், இவருக்குக் கீழ்வழியாக இரண்டு துளை போட்டால் பத்திரம் என்று.

"பயந்தவங்களுக்குத்தான் கீழ்வழி" என்று பெரிய டாக்டர் மைக்கில் சொன்னார். கைகள் மேல்வழிக்கே உயர்ந்தன போலிருக்கிறது. கைதட்டல் கேட்டது.

ஊசி இறங்கியது. ஊசிக்குள் கம்பி, கம்பிமேல் குழாய், குழாய்மேல் இன்னும் பெரிய குழாய். முதுகை யாரோ திருகித் திருகித் தள்ளுவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. வலி இல்லை. கேமரா உள்ளே போனதும் மண்டபத்தில் ஒரு 'ஆ' எழுந்தது. கல் உடைக்கும் கருவி தெருவில் ரோடு போடுகிற மாதிரி தடதடத்தது. துண்டுகளைக் கழுவ மேலே தொங்கிய பைகளிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பை காலியானதும் அடுத்ததை மாட்டினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இடது தோள் கடுத்தது. தலையணை மூச்சை அடைக்கிறது என்று முகத்தை நகர்த்திப் பார்த்தாள். பிறகுதான் அடைப்பது தலையணை இல்லை என்று தெரிந்தது. மூச்சு பாதியில் நின்று திரும்பியது. ஓடிய தண்ணீர் சிறுநீரகத்தோடு நிற்காமல், உறையில் விழுந்த கீறல் வழியாக மார்புக்கூட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"சார், மூச்சு விட முடியலை" என்றாள்.

தலைமாட்டில் நின்ற மயக்க டாக்டர் திரையைப் பார்த்துவிட்டு, ஆக்ஸிஜன் இறங்குகிறது, நிறுத்துங்கள் என்றார். பெரிய டாக்டர் ஒரு துண்டைக் கொக்கியில் பிடித்துவிட்டிருந்தார். மண்டபத்தில் யாரோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டே நிமிஷம். இதை முடிச்சிடறேன்" என்றார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல வாய்தான் அசைந்தது. கிட்னி டாக்டர் கையுறையோடு சுத்தமாக நின்றவர். அறுவைக் கருவிகளைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. அவர் குனிந்து, மண்டபத்துக்குப் படமும் பேச்சும் போகிற வயரைப் பெட்டியிலிருந்து பிடுங்கினார். ஸ்பீக்கர் அடங்கியது. மண்டபத்துக் கேள்விக்குப் பதிலைத் தொடங்கிவிட்ட பெரிய டாக்டர் பாதியில் நிறுத்தி, மைக் வேலை செய்யவில்லையா என்று கேட்டார். கிட்னி டாக்டர் பிடுங்கிய வயரைக் காட்டினார். விஷயம் புரிந்ததும் அவர் கருவியை வெளியே எடுத்து மேசையில் வைத்தார், கையுறையைக் கழற்றினார். "நீங்களே முடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

கிட்னி டாக்டர் வேறு கையுறை மாட்டிக்கொண்டார். சிறுநீரகத்தில் ஒரு குழாயை வைத்து மூடி, அவளை மல்லாக்கத் திருப்பி, விலாவுக்கு நடுவே இன்னொரு குழாயைச் சொருகினார்கள். மார்பிலிருந்து இறங்கிய தண்ணீர் இளஞ்சிவப்பாக ஒரு ஜாடியை நிரப்பியது.

மறுநாளே செய்தி துணிக்கடைக்குப் போய்விட்டது, கொண்டுபோனது டிரைவர்தான். "அப்பாடா, ஒரு வழியா ஒட்டகம் தண்ணி குடிச்சிடுச்சு" என்று பில் கவுண்டரில் ஒரு பேச்சு பிறந்து மூன்றாம் மாடி வரை ஏறியது. முதலில் சொன்னது யார் என்று பிறகு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. சொன்னது தங்கை. துணி மாற்றிக்கொண்டு போக வீட்டுக்கு வந்தவள், வழியில் கடையில் விடுப்பு எழுதிக்கொடுக்க நுழைந்தபோது சொன்னாள்.

பெரிய டாக்டர் ஊருக்குக் கிளம்புமுன் வார்டுக்கு ஒரு நடை வந்தார். கூடவே தலைவரும், படம் எடுக்க ஒருவரும் வந்தார்கள். அருமையான கேஸ் என்றார். எடுத்த துண்டுகளில் பெரியதாக ஒன்றைத் தன் வகுப்புகளில் காட்டக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் வாயில் ஆக்ஸிஜன் மூடி இருந்ததால் பேசவில்லை. ஆனால் அவர் படத்துக்கு நின்றபோது பழக்கதோஷத்தில் தலையைத் தூக்கி, கஸ்டமரைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.

கிட்னி டாக்டர் தனியாக வந்தார். நடந்தது என்ன என்று ஒளிக்காமல் சொன்னார். முன்னாலேயே தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். கல்லில் பாதி இன்னும் உள்ளே இருக்கிறது என்றும் சொன்னார். இவள் அதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

"அங்க எத்தனை பேர் இருந்தாங்க டாக்டர்? சிரிச்சாங்களே, அவங்க."

"மண்டபம் நிறைஞ்சிருந்ததும்மா."

"எல்லாரும் டாக்டருங்களா?"

"ஆமாம்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தங்கை திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. அக்காவே பேச்சை ஆரம்பித்தாள். மாமா எங்கே என்று கேட்டாள். பிறகு, "எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீ எங்க இருந்த?" என்று கேட்டாள். மண்டபத்தில் இடம் கிடைக்காத டாக்டர்களுக்காகக் கான்டீன் போகும் வழியில் ஒரு டிவி வைத்திருந்தார்கள். தங்கை டீ வாங்கப் போனவள். அந்த டிவி முன்னாலேயே நின்றுவிட்டாள். வெகுநாளுக்குப் பிறகு அவள் அக்காவைப் பார்த்துப் பேசினாள்.

"பார்த்தேன்."

"எல்லாமேவா?"

"வயரைப் பிடுங்கற வரைக்கும்."

"அவங்க சிரிச்சப்ப நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன்." தங்கை மேலும் சொன்னாள், "நீ மூச்சு முட்டுதுன்னு சொன்ன. ரெண்டு நிமிஷம்னு அந்தாளு சொன்னான். அப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு. அசிங்கந்தான். ஆனா வந்துச்சு. நீ செத்துடுவேன்னு அப்ப எனக்குத் தோணலை."

அக்கா விலாக் குழாயைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அந்த மாப்பு விஷயத்தை எடுக்கப் பார்த்தாள். "அன்னைக்கு நான் உன்னை..." என்று தொடங்கியதுமே தங்கை எழுந்துகொண்டாள். அதைப் பற்றிப் பேசுவதாக இருந்தால் கிளம்பிவிடுவேன் என்றாள். படுக்கை ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பை நிறைந்திருந்தது. வாசலில் போய் நர்ஸிடம் அதைச் சொல்லிவிட்டு, வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

மிச்சக் கல்லைக் கிட்னி டாக்டர் எடுத்தார். காய்ச்சல் நின்று, நுரையீரல் விரிந்து, விலாக் குழாயை எடுத்த பிறகு. அக்கா கேட்டது ஒன்றுதான், என்னைத் தூங்கவைத்துவிடுங்கள். தூங்கவைத்தார்கள். கேமராவும் மைக்கும் இல்லாத சாதாரண அறை. டாக்டர் முதுகில் ஸ்கேன் கருவியை நகர்த்தி நகர்த்தி இடம் பார்த்து, கீழ்வழியாகவே போய், பொறுமையாகத் துண்டு துண்டாக எடுத்தார். விழித்தபோது முடிந்திருந்தது. நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கடையில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். உங்களை மாதிரி ஒருவர் கிடைப்பது அபூர்வம் என்றார். அடிக்கடி கீழே போய்வர வேண்டியிருக்கும் என்கிறீர்கள், மூன்றாம் மாடி சிரமம், கிடங்கில் இருங்கள், பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது என்றார். சம்பளம் மாறவில்லை. சூப்பர்வைசர் என்ற பட்டம் மட்டும் போயிற்று. அவள் ஜன்னலில்லாத கிடங்கில் உட்கார்ந்து வந்த மூட்டைகளைப் பிரித்தாள். கிடங்கு வழியாகப் பாத்ரூம் போகிற பெண்கள் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருத்தி தண்ணீர் பாட்டிலை அவள் முன்னால் நின்று, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனாள். மறுநாள் இன்னொருத்தியும் அப்படியே செய்தாள். பிறகு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிட்னி டாக்டர்மேல் விசாரணை வைத்தார்கள். வயரைப் பிடுங்கியதால் விருந்தாளி அவமானப்பட்டார், நோயாளிக்கு அப்போது எந்த ஆபத்தும் இல்லை என்பது புகார். மயக்க டாக்டர் பிழைக்கத் தெரிந்தவர். ஆக்ஸிஜன் எப்போது இறங்கியது என்பது சரியாக நினைவில்லை என்று சொல்லிவிட்டார். பதிவான படத்தில் அந்தப் பகுதியே இல்லை. அக்காவை அழைத்தார்கள். குழாயும் ஊசியுமாக இருந்த நேரத்தில் நோயாளிக்குக் குழப்பம் இருப்பது சகஜம் என்று தலைவர் போனிலேயே சொல்லிவைத்தார். மண்டபத்தில் இருந்த டாக்டர்கள் யாரும் விருந்தாளிக்கு எதிராகப் பேச முன்வரவில்லை. வயர் பிடுங்கும் முன்னால் அந்தப் பேச்சைக் கேட்ட வெளியாள் ஒருத்திதான். டிவி முன்னால் நின்றவள்.

அக்கா அன்று தங்கையின் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே வரட்டுமா என்று கேட்கவில்லை.

"எனக்காகக் கேக்கலை" என்றாள்.

"நீ கேட்டா வரமாட்டேன். அந்த டாக்டருக்காக வர்றேன்" என்றாள் தங்கை.

விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் தலைவரும் இரண்டு மூத்த டாக்டர்களும் இருந்தார்கள். அக்கா நடந்ததைச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னேன், ரெண்டு நிமிஷம் என்றார் என்றாள். அவர்கள் பணிவாகத் தலையாட்டினார்கள். அடுத்து தங்கை, டிவியில் பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாகச் சொன்னாள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் நோயாளியின் தங்கை, சொந்த அக்காவுக்காகப் பேசுவது இயல்புதானே என்றார்.

"எனக்கு அவளைப் பிடிக்காது சார்" என்றாள் தங்கை.

பிடிக்காது என்றால் எப்படி என்று ஒரு மூத்த டாக்டர் கேட்டார். தங்கை சொன்னாள். மூன்றாம் மாடி, தள்ளுபடி நாள், திரைச்சீலைச் சுருள், செருப்பை நகர்த்திய கஸ்டமர், மாப்பு, எதையும் விடவில்லை. குரல் உயரவில்லை. பில் வாசிக்கிற மாதிரி சொன்னாள். வெளியே காத்திருந்த டிரைவருக்கும் திறந்த கதவு வழியே எல்லாம் கேட்டது. "உலகத்துல யார் வேணா இவளுக்காகப் பொய் சொல்லலாம், நான் சொல்ல மாட்டேன். மூச்சு முட்டுதுன்னு இவ சொன்னது நெசம். ரெண்டு நிமிஷம்னு அவர் சொன்னதும் நெசம்."

தலைவர் அக்காவைப் பார்த்தார். இதெல்லாம் நடந்ததா என்று கேட்டார். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் தங்கையின் சாட்சி அங்கேயே செத்திருக்கும்.

"நடந்ததுதான் சார். அவ சொன்னது எல்லாமே" என்றாள் அக்கா.

மேசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கிட்னி டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரை வேலையை விட்டு அனுப்பவில்லை. எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆனால் பெரிய அறுவைகள் எல்லாம் வேறு ஒருவருக்குப் போயின. சில மாதங்களில் அவரே ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். பெரிய டாக்டர் வேறு ஊர்களில் வேறு மண்டபங்களுக்காகச் செய்துகொண்டிருக்கிறார் என்று கேள்வி.

விசாரணை முடிந்து மூன்று பேரும் வேனில் வீட்டுக்கு வந்தார்கள். ஓட்டைவாய் டிரைவர் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை மறுவாரம் வேலை செய்யும் பெண்கள் தங்கும் ஒரு விடுதியில் இடம் பார்த்துக்கொண்டாள். வேறு கடையில் வேலையும் கிடைத்துவிட்டது. அக்கா கிடங்கிலிருந்து வந்தபோது தங்கையின் பெட்டியை டிரைவர் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு புதுப் போர்வை எடுத்துவந்து கொடுத்தாள். தங்கை அதை வாங்கி, திண்ணென்று இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, வாசலில் இருந்த நாற்காலியில் வைத்தாள். பிறகு வேனில் ஏறிக்கொண்டாள்.

டிரைவர் திரும்பிவர நேரமாயிற்று. அறை சின்னதுதான், ஆனால் ஜன்னல் இருக்கிறது, குழாயில் எப்போதும் தண்ணீர் வருகிறது என்றார். கூட இருக்கிற பெண் நல்லமாதிரி தெரிகிறாள் என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, விடுதி எங்கே என்று உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றார்.

"சரி" என்றாள் அவள். சாப்பாடு எடுத்துவைக்க உள்ளே போனாள். இரண்டு தட்டுகள் எடுத்தாள்.